மலாயாக் காசில் எழுந்த ஊர்

மலேசியாவிலிருந்து வரும் சொந்தக்காரரை யாழ்ப்பாணத்தில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டால், ஊரில் யாரும் யோசிக்காமல் ஒரு பட்டியலை ஒப்புவிப்பார்கள். நல்லூர், நயினாதீவு, கீரிமலை, கோட்டை, பொது நூலகம், கடல் அமைதியாக இருந்தால் நெடுந்தீவு. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து என் மாமியும் அவருடைய மகனும் பேத்தியும், எனக்கு முறையே மச்சானும் மருமகளும், வந்தபோது நானும் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். ஆனால் மாமி விமானம் ஏறுவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார்: தனக்குப் பார்க்க வேண்டியது ஒன்றுதான், அது வட்டுக்கோட்டையில் தன் தகப்பனார் கட்டிய வீடு. மற்றவையெல்லாம் என் வசதிப்படி இருக்கட்டும் என்றார்.

உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பப்பாவின் தமையனார் 1920களில் மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, நிலைய அதிபராக உயர்ந்து, அங்கேயே காலமானவர். அவருடைய கடைசி மகள்தான் இந்த மாமி. கோலாலம்பூரின் செந்தூலில், ரயில்வே பட்டறையின் அருகே இருந்த அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். எழுபதைத் தாண்டிய இந்த வயது வரைக்கும் யாழ்ப்பாணத்துக்கு வந்ததே இல்லை. தகப்பனார் ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு ஊர் திரும்புவதாக இருந்ததாம். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது, பிறகு 1983 கலவரம் வந்தது, அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

இப்படி மலாயாவுக்குப் போனவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டார் இரு வீட்டார் அல்லர். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு அரசுகளையும் 1896 இல் பிரித்தானியர் ஒரு கூட்டாட்சியாக இணைத்த பிறகு, ரயில்வே, தபால், திறைசேரி, நில அளவை என்று திணைக்களங்கள் பெருகின. அவற்றை நடத்த ஆங்கிலம் எழுதத் தெரிந்த, கணக்குத் தெரிந்த, குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலோ ஆறு இல்லை, பெருங்காணி இல்லை, புகையிலையும் பனையும் தவிரப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் வேண்டிய அளவு இருந்தன. மாமியின் தகப்பனாரைப் போன்ற நூற்றுக்கணக்கானோர் மெட்ரிக்குலேசன் சான்றிதழோடு கப்பல் ஏறியதற்குக் காரணம் வீரமோ சாகசமோ அல்ல. வீட்டில் கல்யாணம் செய்துகொடுக்க வேண்டிய சகோதரிகள் இருந்தார்கள்.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் பிடிப்பதா ரயிலில் போவதா என்று பேச்சு வந்தபோது, மாமி ரயில்தான் என்று ஒரே முடிவாகச் சொன்னார். ரயில்வேக்காரரின் மகள் வேறென்ன சொல்வார்? காலையில் கோட்டை நிலையத்தில் யாழ்தேவியில் ஏறினோம். 1956 இல் தொடங்கிய இந்தச் சேவை 1990 இல் நின்றுபோனதையும், வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டதையும், பின்னர் இந்திய நிறுவனமான இர்கோன் பாதையைத் திரும்பப் போட்டு 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் வந்ததையும் நான் மச்சானுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மாமி எங்கள் பேச்சில் ஒரு திருத்தம் சொன்னார்: மலாயாவின் முதல் ரயில்பாதை 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது என்றும், அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்துதான் ஆட்களைக் கொண்டுவந்தார்கள் என்றும், ஆகவே ரயில் விடயத்தில் யாருக்கு யார் கடன் என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. காங்கேசன்துறை வரைக்கும் வடக்குப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது 1905 இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் சேர்ந்த யாழ்ப்பாணத்தவர், தங்கள் சொந்த ஊரில் ஒரு ரயிலையும் காணாமலே அங்கே கொடி காட்டியும் நுழைவுச்சீட்டுக் கிழித்தும் வாழ்ந்திருக்கிறார்கள். விடுமுறையில் ஊர் வந்தபோது அவர்கள் தங்கள் வேலையை எப்படி விளக்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஆனையிறவில் உப்பளங்களைக் கடக்கும்போது வண்டிக்குள் பேச்சுக் குறைந்தது. அந்த இடத்தின் பெயர் மச்சானுக்குப் போர்ச் செய்திகளில் கேட்ட பெயர். மாமிக்கோ தகப்பனார் சொன்ன கதையில் வந்த பெயர். உப்பு வாங்கப் போன மாட்டுவண்டிக் கதை. மருமகளுக்கு எதுவும் இல்லை. ஒரே ஜன்னல் வழியாக மூன்று பேரும் மூன்று வெவ்வேறு நிலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; நான்காவது ஒன்று என்னிடம் இருந்தது, அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வட்டுக்கோட்டைக்கு மறுநாள் காலையில் போனோம். யாழ்ப்பாணத்தின் உள்ளூர் வீதிகளில் மெதுவாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: பழைய கல்வீடுகளின் முகப்பில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, சுண்ணாம்புச் சாந்தினால் புடைப்பாக ஓர் ஆண்டு எழுதப்பட்டிருக்கும். 1927, 1931, 1938. இந்த ஆண்டுகளுக்குப் பின்னால் எங்கோ ஒரு மணியோடர் இருக்கிறது. ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ மாதம் தவறாமல் வந்த காசில்தான் இந்தச் சுவர்கள் எழுந்தன, பர்மாத் தேக்கில் கதவு நிலைகள் வந்தன, ஓலைக்கூரைகள் ஓடுகளாக மாறின. கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்திலும் பள்ளிக்கூட மண்டபத்துக் கல்வெட்டிலும் உபயகாரர் பெயருக்குப் பின்னால் மலாயா ஊர்ப் பெயர் ஒன்று இருக்கும். ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தவர்களை மலாயாப் பென்சனியர் என்று ஊர் அழைத்தது; சாய்மனைக் கதிரையும் ஆங்கிலப் பத்திரிகையும் மாதாமாதம் தபாற்கந்தோர்ப் பயணமுமாக அவர்கள் ஒரு தனி வகுப்பாகவே இருந்தார்கள். யாழ்ப்பாணத்தின் பழைமை என்று இன்றைக்கு நாம் படமெடுத்துப் போடும் பலவற்றின் வயது நூறுகூட இல்லை, அதன் மூலதனமும் உள்ளூரில் பிறந்தது அல்ல. வேர்களைத் தேடி வருகிறோம் என்று மலேசிய உறவினர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இதைச் சொல்லத் தோன்றும்: நீங்கள் காண வரும் ஊரைப் பாதி நீங்கள்தான் கட்டினீர்கள்.

எங்கள் வீட்டின் முகப்பில் 1936 என்று இருந்தது. இப்போது அங்கே இருப்பவர் அப்பப்பாவின் சகோதரியுடைய பேத்தி, எனக்கு அக்கா முறை. நான் முன்னரே தகவல் சொல்லியிருந்தேன். வாசலில் எங்களை வரவேற்று, "வாங்கோ மாமி, வாங்கோ" என்று மாமியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், விறாந்தையில் கதிரை போட்டு இருத்திய பிறகு, தேநீர் வருவதற்கு முன்னமே ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதற்குள் வீட்டின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இருந்தது.

எனக்கு வியப்பில்லை. வெளிநாட்டிலிருந்து சொந்தம் வருகிறது என்றால் காணிக்காகத்தான் வருகிறது என்று ஊர் முதலில் நினைக்கும். அப்படி நினைப்பதற்கு நியாயமும் உண்டு. போரின்போது கைவிட்டுப் போன காணிகள், இடம்பெயர்ந்தோர் குடியிருந்த வீடுகள், ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் என்று நீதிமன்றங்களில் வழக்குகள் நிறைய. மச்சானின் முகம்தான் மாறியது. அவர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது "தாத்தா கட்டிய எங்கள் வீடு" என்ற கதையை. அந்த வீட்டில் வேறு யாரோ உறுதியோடு வந்து நிற்பது அவருடைய கதையில் இல்லை.

அக்கா காட்டியது ஒரு சீதன உறுதி. தமையனார் மலாயாவிலிருந்து அனுப்பிய காசில் வீட்டைக் கட்டி முடித்து, தன் தங்கையின் கல்யாணத்தின்போது வீட்டையும் அது நின்ற காணியையும் அவருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு இன்றும் சட்டமாக இருக்கும் தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தபோதே இந்த ஏற்பாடு பழையது. ஆதனத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது: வழிவழியாக வருவது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புவது சீதனம், மணவாழ்க்கையில் சேர்ப்பது தேடியதேட்டம். சீதனமாகப் போனது பெண் வழியில் போய்விடும். அந்தத் தங்கையிடமிருந்து அவருடைய மகளுக்கும், மகளிடமிருந்து இந்த அக்காவுக்கும் வீடு அவ்வாறே இறங்கியிருந்தது. கட்டியவர் மாமியின் தகப்பனார். ஆனால் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே அது அவருடைய வீடாக இருக்கவில்லை.

இதை நான் எடுத்துச் சொன்னபோது மச்சான் ஏமாற்றமடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது உண்மைதான். மாமி கேட்ட கேள்வி வேறு. அப்படியென்றால் தன் தகப்பனார் இந்த வீட்டில் ஒரு நாளாவது படுத்திருக்கிறாரா என்று கேட்டார். அக்காவின் தாயார் சொல்லக் கேட்டபடி, அவர் ஒரு முறை விடுமுறையில் வந்து, தங்கையின் கல்யாணத்தை நடத்திவைத்து, சில வாரங்கள் தங்கிப் போயிருக்கிறார். அந்த அறை எது என்று மாமி பார்க்க விரும்பினார். அது இப்போது நெல்லுமூட்டையும் பழைய தையல் இயந்திரமும் இருக்கும் அறை. அதற்குள் போய் நின்று யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, செந்தூலில் தாங்கள் இருந்த குடியிருப்பில் இரண்டு அறைகளில் எட்டுப் பேர் இருந்ததாகவும், ஊரில் பெரிய வீடு இருக்கிறது என்று தகப்பனார் சொல்லும்போதெல்லாம் தாயார் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவார் என்றும் சொன்னார். அந்தத் தாயாரின் மௌனத்துக்கான காரணம் அன்றைக்குத்தான் மகளுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன்.

வீட்டைத் தவிர, பின்பக்கம் ஒரு பனங்காணி இருக்கிறது. அது சீதனத்தில் சேராமல், பிரிபடாத பங்குக் காணியாகவே கிடக்கிறது. அதில் என் தகப்பனாருக்கும் பங்குண்டு, மலேசியாவில் இருப்பவர்களுக்கும் பங்குண்டு. பத்து ஆண்டு ஆண்டால் காணி ஆண்டவருக்கு என்று ஊரில் பலர் நினைத்திருக்கிறார்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் அந்தப் பத்து ஆண்டைச் சொல்வது சரிதான், ஆனால் ஒரு பங்காளி காணியில் இருப்பதை மற்றப் பங்காளிக்கு எதிரான ஆட்சியாக நீதிமன்றங்கள் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. விற்பதாக இருந்தால் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியும் தேசவழமையில் உண்டு. இதையெல்லாம் நான் விளக்கியபோது அக்காவின் முகம் சற்று இறுகியதையும், பனங்கிழங்கும் தேங்காய்ச் சொட்டும் தட்டில் வந்த பிறகு அது தளர்ந்ததையும் கவனித்தேன். அந்தப் பனைகளை எவரும் வெட்டக்கூடாது என்பதில் மட்டும் அன்றைக்கு எல்லோரும் உடன்பட்டார்கள்.

அங்கிருந்து யாழ்ப்பாணக் கல்லூரி சிறிது தூரம்தான். மருமகள் பொறியியல் படிப்பவள். கோயில்களில் பொறுமையாக நின்றாளே தவிர அவளுக்கு ஆர்வம் வந்தது இங்கேதான். அமெரிக்க மிசனரிகள் 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் சமஸ்கிருதமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. 1855 இல் அது மூடப்பட்டு, 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் மீண்டும் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் முதன்முதலாக நடத்திய பட்டப் பரீட்சையில் தேறிய இருவருமே, சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், இந்தச் செமினரியில் படித்தவர்கள். ஏட்டுச்சுவடிகளில் இருந்த பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றியதற்காகத் தமிழுலகம் முழுவதும் தாமோதரம்பிள்ளையை அறியும். இந்தப் பள்ளிகளுக்கு மறுப்பாக ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போட்டியில் இரு தரப்பும் பள்ளிகளைக் கட்டிக்கொண்டே போயின. மலாயா நிர்வாகம் எழுதுவினைஞரைத் தேடிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவர்கள் ஆயத்தமாக இருந்ததன் பின்னணி இதுதான். சிங்கப்பூரின் முதல் வெளிவிவகார அமைச்சரான எஸ். இராசரத்தினம் 1915 இல் பிறந்ததும் இந்த வட்டாரத்திலேதான் என்று சொன்னபோது, மருமகள் நம்பாமல் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தாள்.

அவள் பிறகு கேட்டதுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கடினமாக இருந்த கேள்விகளில் ஒன்று. இந்தப் பள்ளிகளில் எல்லோரும் படிக்க முடிந்ததா என்றாள். காலையில் போன மூன்று வீடுகளிலும் வயதானவர்கள் அவளை உற்றுப் பார்த்து, நீ ஆருடைய பேத்தி, எந்தப் பக்கம், தாய் எந்த ஊர் என்று விசாரித்ததையும், பதில் கிடைத்ததும் முகம் மலர்ந்ததையும் அவள் பாசம் என்றே எடுத்திருந்தாள். பாசம் இருந்தது. ஆனால் அந்த விசாரணை உறவை மட்டும் தேடவில்லை, சாதியையும் தேடியது. மெட்ரிக்குலேசன் வரைக்கும் படித்து மலாயாக் கப்பலில் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர். அதே ஊரில் பனை ஏறியவர்களும் மாரடித்து வேலை செய்தவர்களும் பிள்ளைகளை அந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவதற்கே போராட வேண்டியிருந்தது. அனுப்பிய இடத்திலும் சம ஆசனத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1968 இல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில், உள்ளே விடக் கேட்டு மக்கள் மறியல் இருந்தார்கள். மாமிக்கு இந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை, பழையதை ஏன் கிளற வேண்டும் என்றார். வேரைத் தேடி இவ்வளவு தூரம் வந்துவிட்டு, வேரோடு ஒட்டியிருக்கும் மண்ணை மட்டும் தட்டிவிட்டு எடுத்துப் போக முடியாது என்று நான் நினைத்தேன். மாமியிடம் அதை இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

மலாயாவிலும் கதை அவ்வளவு தூய்மையாக இல்லை. இரப்பர்த் தோட்டங்களில் யாழ்ப்பாணத்துக் கிராணி கணக்கு எழுதினார், பெயர் கூப்பிட்டார், சம்பளத்தைப் பிடித்தார். பால் வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். இருவரும் பேசியது ஒரே மொழி, ஆனால் கோயில் வேறு, பள்ளி வேறு, சங்கம் வேறு. நாங்கள் சிலோன்காரர் என்று சொல்லிக்கொள்வதில் இருந்த பெருமைக்குள் அந்த மற்றவர்கள் அல்ல என்பதும் அடங்கியிருந்ததை மச்சானே ஒப்புக்கொண்டார். அவருடைய மனைவியின் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்தது என்பதும், அந்தக் கல்யாணத்துக்கு வீட்டில் எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கீரிமலைக்கு ஒரு பிற்பகல் போனோம். கடலுக்கு ஓரடி இப்பால் நன்னீர் ஊற்றெடுக்கும் கேணியில் மச்சான் இறங்கிக் குளித்தார், மாமி படியில் இருந்து கால் நனைத்தார். தகப்பனாருக்குச் செய்ய வேண்டிய பிதிர்க்கடன் ஒன்றை அங்கே செய்வித்தோம். அதைப்பற்றி எழுத அதிகம் இல்லை, அது அவர்களுடையது. திரும்பும் வழியில் 1990 இல் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்களும், கூரையில்லாத வீடுகளை ஆலும் பூவரசும் விழுங்கிய காணிகளும் வந்தன. வலிகாமம் வடக்கில் மக்கள் தங்கள் வீடுகளுக்குப் போக முடியாமல் பல்லாண்டுகள் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் இருந்தார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகும் காணிகள் சிறிது சிறிதாகத்தான் விடுவிக்கப்பட்டன, எல்லாம் இன்னும் விடுபடவில்லை. இங்கே சொந்தக் காணியைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் மத்தியில், கோலாலம்பூரிலிருந்து பனங்காணிப் பங்கைக் கேட்பது எப்படி ஒலிக்கும் என்பதை மச்சான் தானாகவே புரிந்துகொண்டார்.

நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் போய் நாகபூசணி அம்மனைத் தரிசித்தோம். மாமிக்கு நிறைவு. நெடுந்தீவைத் தவிர்த்துவிட்டோம், அவருடைய முழங்கால் இரண்டாவது படகுக்கு இசையவில்லை.

பொது நூலகத்தின் வாசிப்பறையில்தான் என்னுடைய நிலத்தைப்பற்றிப் பேச வேண்டி வந்தது. 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசிகசாலையிலிருந்து வளர்ந்து, 1959 இல் இந்தக் கட்டடத்தில் திறக்கப்பட்டு, 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட வரலாற்றை மருமகள் ஏற்கெனவே வாசித்திருந்தாள். அவள் கேட்டது அதையல்ல. "மாமா, அப்போது நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள்?" என்றாள். 1981 இல் நான் பிறக்கவில்லை. ஆனால் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போரினால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் அதில் இருந்தேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடியும்வரை ஆனது. மழை. அம்மா என்னை ஒரு கையிலும் உறுதிகள் இருந்த பையை மறு கையிலும் பிடித்திருந்தார். அந்தப் பையில் இருந்தவற்றுள் இந்தப் பனங்காணியின் பங்கு உறுதியும் ஒன்று. ரயில் ஆனையிறவைக் கடக்கும்போது என் ஜன்னலில் தெரிந்தது இதுதான். அதற்குப் பிறகு நாங்கள் வடக்கே திரும்ப ஆண்டுகள் ஆயின.

மாமி எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னார். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஊருக்குப் போகும் கடிதமும் காசும் நின்றன. யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் மணியோடர் வராத அந்த மூன்றரை ஆண்டுகளில் நகைகளை விற்றுச் சாப்பிட்டன, மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமலே தாய்மார் இறந்தார்கள். அங்கே மாமியின் சித்தப்பா ஒருவரை யப்பானியர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கணக்கெழுதக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீற்றர் பாதையில் மாண்டவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் எண்ணற்றோர். எங்கள் குடும்பத்தவர் அவர்களோடு ஒரே மண்ணில் கிடக்கிறார். அந்தச் சித்தப்பா என் அப்பப்பாவின் சொந்தத் தம்பி. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வட்டுக்கோட்டை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில், பின்வரிசையில், யாரென்று அக்காவாலும் சொல்ல முடியாமல் நின்ற இளைஞனை மருமகள் தன் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். மாமி தலையசைத்தார்.

இதைத்தான் நான் இப்படிப் பயணம் வருகிறவர்களுக்கும் அவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் சொல்வேன். இங்கே இருப்பவரிடம் முழுக்கதை இருக்கிறது, வருகிறவர் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான் என்று நாங்கள் நடந்துகொள்கிறோம். எங்களிடம் இருப்பது பாதிதான். மற்றப் பாதி செந்தூல் குடியிருப்புகளிலும், கோலாலம்பூர் ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயிலின் பழைய உபயப் புத்தகங்களிலும், அங்குள்ள தாய்மாரின் பெட்டிகளுக்குள்ளும் கிடக்கிறது. ஆகவே நாள் ஒன்றுக்கு ஆறு இடம் என்று ஓடாமல், ஒரு வீட்டு விறாந்தையில் அரை நாள் இருக்க விட வேண்டும்; இரு பக்கத்துப் படங்களையும் ஒரே மேசையில் பரப்ப வேண்டும்; உறுதிப் பேச்சு வந்தால் அதைத் தவிர்க்காமல், சட்டம் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும். காணிப் பேச்சைப் பேசாமல் விட்ட குடும்பங்கள் அடுத்த தலைமுறையில் வழக்குக் கட்டோடுதான் சந்தித்துக்கொள்கின்றன.

பனங்காணியில் தங்கள் பங்கை அக்காவின் மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்கலாம் என்று மச்சான் இப்போது சொல்கிறார். என் தகப்பனார் பக்கத்தில் இரண்டு பேரின் சம்மதம் கிடைத்துவிட்டது, கனடாவில் இருக்கும் ஒருவர் இன்னும் பதில் எழுதவில்லை. அவருக்கு விலை மதிப்பீட்டுப் பத்திரம் வேண்டுமாம். வரும் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு மாமி வருவதாக இருக்கிறார், முழங்கால் சத்திரசிகிச்சை அதற்குள் ஆறிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாராம். மருமகள் தனியாகவே வருகிறாள். தன் தாயின் தாத்தா தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து இரப்பர்த் தோட்டத்துக்குப் போனார் என்று தேடத் தொடங்கியிருக்கிறாள், யாழ்ப்பாணத்துக்கு முன்னர் நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி எனக்குக் கட்டளை.